அழித்தது அழிந்ததா?

சிலேட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். எழுதுவது எளிது, அழிப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைத்த இடம் உலரும் வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகே மறுபடி எழுதலாம்.

இன்றைய கணிப்பொறிகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. என்ற திண்மநிலைச் சேமிப்பகமும் ஒரு வகைச் சிலேட்டுதான். புதிதாக வாங்கியபோது விரைவாக ஓடிய எஸ்.எஸ்.டி., சில மாதங்களில் மந்தமாகிவிடுவது உண்டு. ‘தேய்ந்துவிட்டது, புதியது வாங்க வேண்டியதுதான்’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பல சமயம் அது தேயவும் இல்லை, பழுதாகவும் இல்லை. நீங்கள் கோப்புகளை அழித்த செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்!

இது எப்படி நேர்ந்தது? லினக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கியவர்கள் இதை எவ்வாறு சரி செய்தார்கள்? இதற்கு விடை காண நாம் அரை நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள்

1967-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ என்னும் இருவர் புதுவகை டிரான்சிஸ்டர் ஒன்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினர். அதன் நடுவே எந்தக் கம்பியோடும் தொடர்பில்லாத ஒரு சிறு தகடு உண்டு. அதைச் சுற்றிலும் மின்சாரத்தைக் கடத்தாத படலம். இதற்கு ‘மிதக்கும் வாயில்’ என்று பெயர். போதிய மின்னழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் படலத்தை ஊடுருவி உள்ளே செல்லும். மின்னழுத்தத்தை நிறுத்திவிட்டால் அவை அங்கேயே சிறைப்பட்டுவிடும். எலெக்ட்ரான் உள்ளே இருந்தால் ஒரு குறி. இல்லாவிட்டால் வேறொரு குறி. மின்சாரம் இல்லாதபோதும் மறக்காத நினைவகத்துக்கு இதுவே வித்து.

உள்ளே தள்ளியாயிற்று, வெளியே எடுப்பது எப்படி? 1971-இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமான் உருவாக்கிய ஈப்ராம் சில்லின் மேல் கண்ணாடி போன்ற ஒரு குவார்ட்ஸ் சாளரம் இருந்தது. அதன் வழியே புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் வெளியேறும். இதற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். சில்லைப் பலகையிலிருந்து கழற்றி விளக்கின் கீழே வைக்க வேண்டும். பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கக்கூடிய சில்லுகள் வந்தன. அவற்றில் வேண்டிய இடத்தை மட்டும் அழிக்கலாம். ஆனால் அதற்கு ஒவ்வோர் அறைக்கும் கூடுதல் டிரான்சிஸ்டர் தேவைப்பட்டது. ஆகவே விலை மிகுதி, கொள்ளளவு குறைவு.

மசுவோக்கா செய்த பேரம்

ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா இங்கே ஒரு துணிந்த யோசனையைச் சொன்னார். ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அழிக்கும் வசதியைத்தான் விட்டுவிட்டால் என்ன? ஒரு பெரும் தொகுதியை ஒரே வீச்சில் அழித்தால் போதாதா? அப்படிச் செய்தால் அறைக்கு ஒரே டிரான்சிஸ்டர் போதும். சில்லு சிறுக்கும், விலை இறங்கும்.

1984-இல் அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் நடந்த மின்னணுக் கருவிகள் மாநாட்டில் அவர் இதை அறிவித்தார். சட்டென்று மொத்தமாக அழியும் தன்மை புகைப்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஷோஜி அரிசுமி இதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சூட்டினார். 1987-இல் மசுவோக்காவின் குழு இன்னும் நெருக்கமாக அறைகளை அடுக்கிய ‘நேண்டு’ ஃபிளாஷை வெளியிட்டது. இன்று உங்கள் பையில் இருக்கும் கைப்பேசியிலும் பென்டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் இருப்பது இதன் வழித்தோன்றலே.

இந்தப் பேரத்தை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மலிவு கிடைத்தது, அதற்கு விலையாகத் தனித்து அழிக்கும் உரிமை போயிற்று. பிற்காலத்தில் எஸ்.எஸ்.டி. மந்தமானது, இந்தப் பேரத்துக்கு நாம் கட்டிய வட்டி.

எழுதுவது பக்கம், அழிப்பது தொகுதி

2008-ஆம் ஆண்டு வாக்கில் இருந்த ஒரு நேண்டு சில்லை எடுத்துக்கொள்வோம். அதில் 4 கிலோபைட் கொண்டது ஒரு பக்கம். 128 பக்கங்கள் சேர்ந்தது 512 கிலோபைட் கொண்ட ஒரு தொகுதி. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ தொகுதி தொகுதியாக மட்டுமே. எழுதிய பக்கத்தின் மேல் மறுபடி எழுதவும் முடியாது. அதன் தொகுதி முழுவதையும் அழித்த பிறகே எழுதலாம். வாசிப்பதற்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட ஆகாது. அழிப்பதற்கோ ஓரிரு மில்லிநொடி ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அந்தக் காப்புப் படலம் சிறிது தேய்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் திருத்த வேண்டும் என்று வையுங்கள். அதே இடத்தில்தான் திருத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? மற்ற 127 பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தொகுதியை அழித்து, 128 பக்கங்களையும் மறுபடி எழுத வேண்டும். ஒரு பக்க வேலைக்கு 128 பக்க உழைப்பு!

எனவே வேறொரு வழியைக் கண்டார்கள். திருத்திய பக்கத்தை வேறு வெற்றிடத்தில் எழுதிவிடுவது. பழைய பக்கம் செல்லாது என்று குறித்துக்கொள்வது. எந்தப் பக்கம் எங்கே போயிற்று என்று சில்லுக்கு அருகிலேயே ஒரு கணக்கு இருக்கும். இஸ்ரேலைச் சேர்ந்த எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அமிர் பான் இத்தகைய முறை ஒன்றுக்கு 1993-இல் விண்ணப்பித்து 1995-இல் காப்புரிமை பெற்றார். இந்த ஏற்பாட்டால், உள்ளே ஃபிளாஷ் இருந்தாலும் வெளியே பார்ப்பதற்கு அது சாதாரண வன்தட்டைப் போலவே நடந்துகொள்ளும். கணிப்பொறியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வெற்றிடம் தீர்ந்துகொண்டே வருமே, அப்போது? செல்லாத பக்கங்கள் மிகுந்த தொகுதியைத் தேடி, அதில் மீந்திருக்கும் நல்ல பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, தொகுதியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இதைக் குப்பை அகற்றுதல் என்பர். இது ஃபிளாஷோடு பிறந்த சிக்கல் அன்று. 1991-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம், ஜான் அவுஸ்டர்ஹவுட் இருவரும் வன்தட்டுக்காக, எதையும் வரிசையாக எழுதிக்கொண்டே போகும் கோப்பு முறைமை ஒன்றை அமைத்தபோதே இதைச் சந்தித்தார்கள். தட்டு நிரம்ப நிரம்பத் துப்புரவு வேலையின் செலவு ஏறிக்கொண்டே போகும் என்று அவர்கள் அப்போதே காட்டியிருந்தார்கள்.

கணக்குப்பிள்ளையும் கிடங்குக்காரரும்

இப்போது சிக்கலின் மூலத்துக்கு வருகிறோம். ஒரு மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னறையில் கணக்குப்பிள்ளை, பின்னால் கிடங்கில் மூட்டைகளை அடுக்கும் கிடங்குக்காரர். ஒரு சரக்கு இனி வேண்டாம் என்றால் கணக்குப்பிள்ளை ஏட்டில் அதன் பெயரை அடித்துவிடுகிறார். கிடங்குக்காரரிடம் சொல்வதில்லை. அவரோ இடம் போதாமல் அந்த வேண்டாத மூட்டைகளையும் மாய்ந்து மாய்ந்து இங்கிருந்து அங்கே மாற்றிக்கொண்டிருக்கிறார்!

இங்கே கணக்குப்பிள்ளை உங்கள் கணிப்பொறியின் கோப்பு முறைமை. கிடங்குக்காரர் எஸ்.எஸ்.டி.யினுள் இருக்கும் கட்டுப்படுத்திச் சில்லு. நீங்கள் ஒரு கோப்பை அழிக்கும்போது, கோப்பு முறைமை தன் ஏட்டில் அதற்குரிய இடங்களைக் காலி என்று குறிக்கிறது. அவ்வளவே. வன்தட்டின் காலத்தில் இது போதுமானதாக இருந்தது. காந்தத் தட்டில் பழையதன் மேலேயே புதியதை எழுதலாம். முன்கூட்டி அழிக்க வேண்டியதில்லை. ஆகவே ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று தட்டுக்குச் சொல்ல ஒரு கட்டளையே அன்று இருக்கவில்லை. வன்தட்டு வேடம் பூண்ட ஃபிளாஷுக்கு அந்த வேடமே விலங்காயிற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 128 பக்கத் தொகுதி ஒன்றில் 96 பக்கங்கள் செல்லும் என்று கட்டுப்படுத்தி நினைக்கிறது. அதைத் துடைத்தால் 96 பக்கங்களை மாற்றி எழுதி 32 பக்க வெற்றிடம் பெறலாம். அதாவது நீங்கள் 32 பக்கம் எழுத, சில்லில் 128 பக்கம் எழுதப்படுகிறது, நான்கு மடங்கு. அந்த 96-இல் 64 பக்கங்கள் நீங்கள் முன்னரே அழித்துவிட்ட கோப்புகளுக்கு உரியவை என்று அதற்குத் தெரிந்திருந்தால்? 32 பக்கங்களை மட்டும் மாற்றினால் 96 பக்க வெற்றிடம் கிடைக்கும். 96-க்கு 128, ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். ஒரே ஒரு செய்தி செய்யும் வேறுபாடு இது. வேகமும் கூடுகிறது, தேய்மானமும் குறைகிறது.

லினக்ஸ் வந்த வழி

1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகெங்கும் உள்ளவர்கள் கூடி எழுதும் இயக்க முறைமை. அதன் மையமான கெர்னலில் யார், எப்போது, எந்த மாற்றம் செய்தார் என்பது எவரும் காணும்படி இருக்கிறது. ஆகவே இந்தக் கதையைப் படிப்படியாகத் தொடர முடிகிறது.

லினக்ஸுக்கு ஃபிளாஷ் புதிதன்று. 1999-இல் ஸ்வீடனின் ஆக்சிஸ் நிறுவனம், ஃபிளாஷ் சில்லை நேரடியாக ஆளும் ஜே.எஃப்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையை லினக்ஸுக்காக உருவாக்கியது. 2001-இல் டேவிட் உட்ஹவுஸ் அதன் இரண்டாம் வடிவத்தை அமைத்தார். அங்கே கணக்குப்பிள்ளையே கிடங்குக்காரரும் ஆவார். ஆகவே செய்தி சொல்லும் சிக்கலே எழவில்லை. வன்தட்டு வேடத்தில் வந்த எஸ்.எஸ்.டி.யில்தான் அது எழுந்தது.

1991-இல் சன்டிஸ்க் நிறுவனம் விற்ற எஸ்.எஸ்.டி.யின் கொள்ளளவு 20 மெகாபைட். விலை ஏறத்தாழ 1,000 டாலர். அது சிலருக்கே உரிய பொருளாக இருந்தது. 2008 செப்டம்பரில் இன்டெல் எக்ஸ்25-எம் போன்றவை வந்தபோது வீட்டுக் கணிப்பொறிக்கும் எஸ்.எஸ்.டி. எட்டியது. 2009-இன் தொடக்கத்தில், நீண்ட நாள் பயன்படுத்திய எஸ்.எஸ்.டி. தன் பழைய வேகத்தை இழப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினார்கள். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கினால் வேகம் திரும்பிற்று. ஆனால் அதோடு உங்கள் கோப்புகள் யாவும் போய்விடுமே! அது மருந்தாகுமா?

உண்மையான மருந்து ‘ட்ரிம்’ என்னும் புதிய கட்டளை. ‘இந்த இடங்களில் உள்ளது எனக்கு இனி வேண்டாம்’ என்று கணிப்பொறி எஸ்.எஸ்.டி.க்குச் சொல்வதே அது. 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28-இல், இத்தகைய செய்தியைக் கோப்பு முறைமையிலிருந்து கீழே அனுப்பும் பாதையை டேவிட் உட்ஹவுஸ் அமைத்தார். அச்செய்தி உண்மையில் எஸ்.எஸ்.டி.யைச் சென்றடையும் வசதி 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33-இல்தான் முழுமை பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மார்க் லார்டு என்பவர் தம் ‘எச்டிபார்ம்’ கருவியோடு ஒரு சிறு நிரலைச் சேர்த்துத் தந்தார். அது வெற்றிடம் முழுவதையும் ஒரு பெரிய கோப்பாகப் பிடித்துவைத்துக்கொண்டு, அவ்விடங்களுக்கெல்லாம் ட்ரிம் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கோப்பை அழித்துவிடும். எளிய தந்திரம்தான், ஆனால் அழகாக வேலை செய்தது.

அடிக்கடி சொல்வதா, சேர்த்துச் சொல்வதா?

செய்தி போக வழி பிறந்தது. எப்போது சொல்வது? ஒவ்வொரு கோப்பை அழிக்கும்போதும் உடனுக்குடன் சொல்லலாம் என்று முதலில் நினைத்தார்கள். இங்கே ஒரு இடைஞ்சல் வந்தது. தொடக்க கால ட்ரிம் கட்டளை மற்றக் கட்டளைகளோடு வரிசையில் நிற்காது. அது வந்தால் நடந்துகொண்டிருக்கும் எழுத்தும் வாசிப்பும் முடிந்து, பாதை காலியாக வேண்டும். ஆயிரம் சிறு கோப்புகளை அழித்தால் ஆயிரம் தடங்கல்! வேகத்துக்காக வந்த மருந்தே வேகத்தைக் குறைத்தது.

ரெட்ஹாட் நிறுவனத்தின் லுகாஷ் செர்னர் வேறு வழி கண்டார். உடனுக்குடன் சொல்ல வேண்டாம். அவ்வப்போது கோப்பு முறைமையின் ஏட்டைப் பார்த்து, காலியான இடங்களையெல்லாம் பெரிய பெரிய பகுதிகளாகத் திரட்டி ஒருமிக்கச் சொல்லிவிடலாம். 2011 ஜனவரியில் வந்த 2.6.37-இல் இது இடம் பெற்றது. இதைப் பயன்படுத்தும் கட்டளையே ‘எஃப்எஸ்ட்ரிம்’. வாரம் ஒரு முறை இயக்கினால் பெரும்பாலோர்க்கு இது போதும். 2014 ஏப்ரலில் உபுண்டு 14.04 இதை வாரந்தோறும் தானே செய்யத் தொடங்கியது. 2020 ஏப்ரலில் ஃபெடோரா 32-உம் இதனை இயல்பான ஏற்பாடாக்கிக்கொண்டது.

2011-இல் வந்த புதிய சாட்டா விதிமுறை, வரிசையில் நிற்கும் ட்ரிம்முக்கு இடம் தந்தது. ஆனால் சில எஸ்.எஸ்.டி.களின் உள் நிரல் அதைச் சரியாகக் கையாளவில்லை. ஆகவே அவற்றுக்கு அவ்வகைக் கட்டளையை அனுப்பாதபடி லினக்ஸில் ஒரு தவிர்ப்புப் பட்டியல் சேர்க்கப்பட்டது.

2015-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு நல்ல பாடம். ஒரு தேடல் சேவை நிறுவனத்தின் லினக்ஸ் கணிப்பொறிகளில், கோப்புகளின் நடுவே சிறு சிறு பகுதிகள் வெறும் சுழியங்களாக மாறிக்கொண்டிருந்தன. ட்ரிம் கட்டளை தவறான இடத்தைத் துடைப்பது தெரிந்தது. எஸ்.எஸ்.டி.தான் குற்றவாளி என்று முதலில் கருதினார்கள். அதைத் தயாரித்தவர்களின் பொறியாளர்கள் துருவி ஆராய்ந்தபோது, பிழை எஸ்.எஸ்.டி.யில் இல்லை, பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸ் கெர்னல் பகுதியில் இருந்தது தெரியவந்தது. அவர்களே அதற்குத் திருத்தமும் எழுதி அனுப்பினார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவு ஆபத்தானதும் ஆகும்.

பழைய பழக்கங்கள்

வன்தட்டுக் காலத்துப் பழக்கங்கள் இன்னும் சிலவற்றையும் லினக்ஸ் கைவிட வேண்டியிருந்தது. ஒரு கோப்பை வாசித்தாலே ‘இன்ன நேரத்தில் வாசிக்கப்பட்டது’ என்று எழுதிவைப்பது ஒன்று. வாசிப்பே எழுத்தாகிவிடுகிறது அல்லவா? 2009 ஜூனில் வந்த 2.6.30 முதல் இந்தக் குறிப்பைப் பெரிதும் சுருக்கிக்கொண்டார்கள். வன்தட்டின் முள் அலையாமலிருக்க வேண்டுகோள்களை இட வரிசைப்படி அடுக்குவது இன்னொன்று. எஸ்.எஸ்.டி.யில் அலைய முள் ஏது? 2014 ஜனவரியில் வந்த 3.13, ஒரே வரிசைக்குப் பதில் பல வரிசைகளில் வேண்டுகோள்களை அனுப்பும் புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய சாட்டா வழியில் 32 வேண்டுகோள்கள் கொண்ட ஒரே வரிசை. 2011-இல் வகுத்த என்விஎம்இ விதிமுறையிலோ 65,535 வரிசைகள் வரை இருக்கலாம்!

நீங்கள் செய்யக்கூடியவை

உங்களிடம் லினக்ஸ் ஏற்றிய கணிப்பொறி இருந்தால், ‘எஃப்எஸ்ட்ரிம்.டைமர்’ என்னும் வாராந்தரப் பணி இயங்குகிறதா என்று பாருங்கள். ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை ‘டிஸ்கார்டு’ என்னும் குறிப்போடு கொடுத்தால் ஒவ்வொரு வட்டும் இந்தச் செய்தியை ஏற்குமா என்று காட்டும். அளவுகள் சுழியமாக இருந்தால் செய்தி போக வழியில்லை என்று பொருள். யு.எஸ்.பி. பெட்டியில் வைத்த எஸ்.எஸ்.டி.களில் இப்படி நேர்வதுண்டு. எஃப்எஸ்ட்ரிம்மை இருமுறை அடுத்தடுத்து இயக்கினால் இரண்டாம் முறை சுழியம் என்று காட்டலாம். அஞ்ச வேண்டாம், சொல்ல வேண்டியதை முதல் முறையே சொல்லியாயிற்று என்பதே அதன் பொருள்.

வட்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். தயாரிப்பாளர்களும் சிறிது இடத்தை ஒதுக்கியே விற்கிறார்கள். சில்லில் ஒரு கிகாபைட் என்பது 1,07,37,41,824 பைட். விற்பனைக் கணக்கில் அது 100 கோடி பைட். இந்த ஏழு விழுக்காட்டு வேறுபாடே கிடங்குக்காரர் கை வீசி வேலை செய்யும் இடம். நீங்களும் சிறிது விட்டுவைத்தால் அவருக்கு இன்னும் எளிது. வன்தட்டில் சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் வேலையை இங்கே வழக்கமாகச் செய்யாதீர்கள். பயன் சிறிது, தேய்மானம் பெரிது.

மறையாக்கம் செய்த வட்டில் ட்ரிம் தானாக இயங்காமல் இருக்கலாம். 2011 அக்டோபரில் வந்த 3.1 முதல் லினக்ஸில் இது முடியும். ஆனால் கேட்டால்தான் தரும். காலியிடம் எது, நிரம்பிய இடம் எது என்ற விவரம் வெளியே தெரிந்துவிடும் என்பதே காரணம். வேகமா, மறைவா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இறுதியாக மிக முக்கியமான ஒன்று. வன்தட்டில் தவறுதலாக அழித்த கோப்பைப் பல சமயம் மீட்க முடிந்தது. ஏட்டில் பெயர்தான் போயிருக்கும். சரக்கு கிடங்கிலேயே கிடக்கும். ட்ரிம் சொன்ன பிறகு அந்த நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். எனவே உங்கள் பாடக் குறிப்புகளுக்கும் புகைப்படங்களுக்கும் வேறோர் இடத்தில் ஒரு நகல் எப்போதும் வைத்திருங்கள்.

அழித்தது அழிந்ததா என்ற கேள்விக்கு வன்தட்டுக் காலத்து விடை, ‘இல்லை, அதனால் கெடுதலும் இல்லை’ என்பது. முதல் எஸ்.எஸ்.டி.களின் காலத்து விடை, ‘இல்லை, அதனால்தான் மந்தம்’ என்பது. இன்றைய விடை, ‘ஆம்; ஆகவே பார்த்து அழியுங்கள்’ என்பது. மந்தமான எஸ்.எஸ்.டி.யைத் தூக்கி எறியும் முன், அதற்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோமா என்று ஒரு முறை பாருங்கள்.